அழாத குழந்தைகள்

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்கிறோம். அழுதும் பால் வரவில்லை, யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? இன்னும் உரக்க அழும் என்றுதான் நமக்குத் தோன்றும். ருமேனியாவில் இருந்த சிசுக் காப்பகங்களுக்குள் போனவர்கள் கண்டது வேறு. வரிசையாகத் தொட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கைக்குழந்தை, ஆனால் அறையில் சத்தமே இல்லை. பசித்த குழந்தையும் அழவில்லை, நனைந்த துணியில் கிடந்த குழந்தையும் அழவில்லை. சில கூரையையே பார்த்துக்கொண்டிருந்தன. சில தம் உடம்பைத் தாமே முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தன.

இத்தனை காப்பகங்கள் எப்படி வந்தன என்பது அரசியல் கதை. மக்கள்தொகையைப் பெருக்கியே தீருவது என்று 1966-இல் நிக்கோலாய் சௌசெஸ்குவின் அரசு கருக்கலைப்பைத் தடைசெய்தது. மறு ஆண்டே பிறப்பு விகிதம் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. வளர்க்க வழியில்லாதவர்கள் பிள்ளையை அரசிடம் விடலாம் என்பதே அன்றைய கொள்கை. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இத்தகைய இடங்களில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிரோடுதான் இருந்தார்கள்.

சிறுவயதுத் துன்பம் என்றதும் அடி, உதை, வசவு, பட்டினி என்று, குழந்தைக்கு நடந்தவற்றையே நினைக்கிறோம். ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்ட்டின் தொட்டில்களில் கிடந்த பல குழந்தைகளுக்கு எதுவுமே நடக்கவில்லை. வேளைக்குப் பால் வந்தது, துணி மாற்றப்பட்டது, குளிப்பாட்டினார்கள். ஒரு பணியாளருக்குப் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் என்பதால் எல்லாம் கடிகாரப்படி, வரிசைப்படி நடந்தது. அழுகைக்குப் பதில் சொல்ல மட்டும் ஆளில்லை. இந்த ‘நடக்காமல் போனது’ ஒரு குழந்தையின் மனத்தை எவ்வளவு மாற்றும் என்பதுதான் கேள்வி.

அழுகைக்குப் பதில் என்றால் என்ன என்று முதலில் பார்ப்போம். நமக்கு நெருக்கடி வரும்போது மூன்று வேலைகள் நடக்கின்றன. மூளையின் ஆழத்தில் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி ஆபத்தைக் கண்டுகொள்கிறது. சிறுநீரகங்களின் மேல் இருக்கும் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது, உடம்பு தயாராகிறது. கொஞ்ச நேரத்தில், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி ‘பரவாயில்லை, ஒன்றுமில்லை’ என்று அமைதிப்படுத்துகிறது. பிறந்த குழந்தையிடம் முதல் இரண்டும் வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. மூன்றாவது முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டும். அதுவரை அந்த மூன்றாவது வேலையைச் செய்வது தூக்கி எடுப்பவரின் தோளும் குரலும்தான். குழந்தை தானாக அமைதியாவதில்லை. இன்னொருவரின் உதவியால் அமைதியாகிறது. பதற்றம், தூக்கல், ஆறுதல் என்று இது ஆயிரக்கணக்கான முறை நடந்து நடந்துதான், ஆற்றிக்கொள்ளும் திறமை குழந்தைக்குச் சொந்தமாகிறது. தேடிப் போக ஒரு குறிப்பிட்ட முகம் இருக்கிறது என்று குழந்தை அறிந்திருக்கும் இந்த உறவைப் பற்றுறவு என்று சொல்லிக்கொள்வோம்.

குழந்தை இதை எவ்வளவு எதிர்பார்க்கிறது என்பதை எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் எளிமையாகக் காட்டினார். தாயும் சில மாதக் குழந்தையும் எதிரெதிரே இருந்து கொஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். தாய் ஒரு கணம் திரும்பிவிட்டு, எந்த உணர்ச்சியும் இல்லாத முகத்தோடு மறுபடி குழந்தையைப் பார்க்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, கீச்சிடுகிறது. ஓரிரு நிமிடங்களுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்துவிடுகிறது. தாய் பழையபடி சிரித்ததும் கொஞ்சம் சிணுங்கிவிட்டு மீள்கிறது.

இதைப் படித்துவிட்டு, அடுப்பில் பால் பொங்கியதால் பிள்ளையை ஐந்து நிமிடம் அழவிட்ட தாய்மார்கள் பதறத் தேவையில்லை. நல்ல தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலும் பாதிக்கு மேற்பட்ட நேரம் ஒருவர் சைகை மற்றவருக்குப் புரிவதில்லை என்று கண்டவரும் அதே ட்ரோனிக்தான். விட்டுப்போவதும் மறுபடி சேர்வதும் குழந்தைக்குப் பாடம். சேர்வதே இல்லை என்றால்தான் சிக்கல்.

அந்தச் சிக்கல் பிற்பாடு சரியாகிவிடாதா? இங்கே ஒரு பூனைக்குட்டி உதவுகிறது. டேவிட் ஹூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் 1960-களில், பிறந்த சில நாளில் ஒரு பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில மாதங்கள் மூடிவைத்தார்கள். திறந்தபோது கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கண்ணால் பூனைக்குப் பார்க்கத் தெரியவில்லை. வளர்ந்த பூனையின் கண்ணை அதே அளவு காலம் மூடினால் ஒன்றும் ஆகவில்லை. 1981-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூளை சில அனுபவங்கள் வந்தே தீரும் என்ற நம்பிக்கையோடு பிறக்கிறது. வரவேண்டிய காலத்தில் அவை வராவிட்டால், அவற்றுக்காக ஒதுக்கிய நரம்பிணைப்புகள் கழிந்துவிடுகின்றன அல்லது வேறு வேலைக்குப் போய்விடுகின்றன. இந்தக் காலத்தைப் பதப்பருவம் எனலாம்.

பார்வைக்கு ஒளி எப்படியோ, அப்படி உணர்ச்சிக்கு மனித முகம் என்று ஊகிப்பது எளிது. நிரூபிப்பதுதான் கடினம். 1945-இல் ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் இரண்டு இடங்களை ஒப்பிட்டார். ஒன்று சுத்தமான, மருத்துவ வசதியுள்ள அனாதைக் குழந்தைகள் இல்லம். மற்றது சிறைக்குள் இருந்த குழந்தைகள் பகுதி; அங்கே பிள்ளைகளைக் கைதிகளான தாய்மாரே வளர்த்தார்கள். சிறைப் பிள்ளைகள் நன்றாக வளர்ந்தன. இல்லத்துப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரண்டு ஆண்டுக்குள் இறந்துபோயின. 1958-இல் ஹாரி ஹார்லோ, தாயைப் பிரித்த குரங்குக்குட்டிகளுக்குக் கம்பியால் ஒன்றும் துணி போர்த்தி ஒன்றுமாக இரண்டு பொம்மைத் தாய்களைக் கொடுத்தார். பால் கம்பித் தாயிடம் இருந்தாலும், குட்டிகள் குடித்துவிட்டு வந்து துணித் தாயையே கட்டிக்கொண்டிருந்தன. பாலுக்காகத்தான் பாசம் என்ற அன்றைய கொள்கை அதோடு ஆட்டம் கண்டது. அந்தக் குட்டிகளுக்குச் செய்தது கொடுமை என்பது வேறு விஷயம்.

ஆனாலும் கறாரான வாசகர் ஒருவர் கேட்கலாம்: காப்பகத்துக்கு வரும் குழந்தைகளும் வீட்டில் வளரும் குழந்தைகளும் முதலிலிருந்தே ஒன்றா? கர்ப்பத்தில் ஊட்டமின்மை, குறைப்பிரசவம், பரம்பரை நோய் எதுவும் இருந்திருக்கலாமே? தத்துப்போன பிள்ளைகள் தேறினார்கள் என்றாலும், பார்க்கத் தெளிவாக இருந்த பிள்ளைகளைத்தான் தத்தெடுத்திருப்பார்கள் அல்லவா? நியாயமான கேள்விகள். ஸ்பிட்ஸின் ஒப்பீட்டால் இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல ஒரே வழி சீட்டுக் குலுக்குவது.

2000-ஆம் ஆண்டு வாக்கில் புக்காரெஸ்ட்டில் அதைத்தான் செய்தார்கள். சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், நகரின் ஆறு காப்பகங்களிலிருந்து 6 முதல் 31 மாத வயதுள்ள 136 குழந்தைகளைத் தேர்ந்தார்கள். குலுக்கலில் 68 பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். 68 பேர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, அதே ஊரில் சொந்த வீட்டில் வளரும் 72 குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். வளர்ப்புக் குடும்பங்கள் 56. அந்தப் பெற்றோருக்குப் பணமும் பயிற்சியும் கொடுத்து, பிள்ளையைச் சொந்தப் பிள்ளையாகவே பாவியுங்கள் என்று சொல்லப்பட்டது. சீட்டு போட்டுப் பிரித்ததால் பிறவிக் குறைகள் இரு பக்கமும் ஒரே அளவில்தான் பரவியிருக்கும். பிற்பாடு தெரியும் வித்தியாசத்துக்கு வளர்ந்த இடமே காரணம்.

ஒரு சீட்டு ஒரு பிள்ளையை வீட்டுக்கும் இன்னொன்றைத் தொட்டிலுக்கும் அனுப்பியது என்று கேட்கும்போது வயிற்றைப் பிசைகிறது. ஆய்வாளர்கள் சொன்ன நியாயம் இது: அன்று ருமேனியாவில் வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே அநேகமாக இல்லை. ஆய்வு நடக்காவிட்டால் 136 பேரும் காப்பகத்தில்தான் இருந்திருப்பார்கள். ஆய்வுக்காக எந்தப் பிள்ளையையும் காப்பகத்தில் நிறுத்திவைப்பதில்லை என்ற விதியும் இருந்தது. பெற்றோர் திரும்பி வந்தாலோ அரசு வேறு குடும்பம் தேடிக் கொடுத்தாலோ பிள்ளை போகலாம், பலர் போனார்கள். கணக்கில் மட்டும் அவர்கள் முதலில் விழுந்த சீட்டின் குழுவிலேயே வைக்கப்பட்டார்கள். ஆகவே ஆய்வு காட்டும் வித்தியாசம், உள்ளதை விடக் குறைத்துக் காட்டுவதே தவிர கூட்டிக் காட்டுவதல்ல. இந்த நியாயம் எனக்குப் பெரும்பாலும் ஏற்புடையதே. முழுதும் நிம்மதி தருகிறது என்று சொல்லமாட்டேன்.

முதலில் தெரிந்த மாற்றம் சிரிப்பு. கைப்பொம்மை ஆட்டம், முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டு போன்றவற்றைக் காட்டி, குழந்தைகள் எவ்வளவு மகிழ்கிறார்கள், எவ்வளவு கவனிக்கிறார்கள் என்று பதிவுசெய்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் இரண்டரை வயதிலேயே காப்பகப் பிள்ளைகளை விடத் தெளிவாக முந்திவிட்டார்கள். மகிழும் திறன் அழிந்துபோயிருக்கவில்லை, மகிழ்விக்க ஆளில்லாமல் இருந்திருக்கிறது. பற்றுறவு மெதுவாக வந்தது. மூன்றரை வயதில், காப்பகக் குழுவில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களிடமே பாதுகாப்பான பற்றுறவு இருந்தது. குடும்பக் குழுவில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம். சொந்த வீட்டில் வளர்ந்தவர்களில் மூன்றில் இருவரிடம். நாலரை வயதில் மனச்சோர்வும் பதற்றமும் சார்ந்த கோளாறுகள் குடும்பக் குழுவில் பாதியாகக் குறைந்திருந்தன. ஆனால் கவனச் சிதறலும் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு அசையவே இல்லை. நல்ல வீடு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்ப விரும்புகிறவர்கள் இந்த முடிவை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள்.

எந்த வயதில் வீட்டுக்குப் போனார்கள் என்பதே முக்கியமாக இருந்தது. இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்குப் பாதுகாப்பான பற்றுறவு அமையும் வாய்ப்பு கூடுதல். தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின்னலைகளை அளந்தபோதும், இரண்டு வயதுக்கு முன் போனவர்களின் அலைகள் எட்டு வயதில் சொந்த வீட்டுப் பிள்ளைகளுடையதை ஒத்திருந்தன. பிந்திப் போனவர்களுடையவை காப்பகப் பிள்ளைகளின் அலைகளோடு நின்றன. நெல் விவசாயிக்கு இது புதிதாக இராது. நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பறித்து நட ஒரு வயது உண்டு. முற்றிய நாற்றை நட்டாலும் பிழைக்கும், கதிரும் விடும். தூர் கட்டுவது குறைந்துபோகும். அந்த வயதும் எல்லா ரகத்துக்கும் ஒன்றல்ல; குறுகிய கால ரகத்துக்கு மூன்று வாரம் என்றால் நீண்டகால ரகத்துக்கு இன்னும் சில நாள் பொறுக்கலாம். மனத்தின் திறன்களும் அப்படித்தான். மகிழ்ச்சிக்கான காலம் நீளமாக இருக்கிறது. வேறு சிலவற்றின் காலம் சுருங்கியது.

அப்படிச் சுருங்கியவற்றில் ஒன்றை அந்தப் பிள்ளைகளின் 12 வயதில் கண்டுபிடித்தார்கள். முன்பின் தெரியாத பெரியவர்கள் முன் பேச வைத்து, கணக்குப் போட வைத்து, இதயத் துடிப்பையும் கார்டிசாலையும் அளந்தார்கள். சின்ன வயதில் துன்பப்பட்டவர்கள் அதிகம் பதறுவார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது தலைகீழ். காப்பகக் குழுவில் இருந்தவர்களின் உடம்பு சரியாக எழும்பவே இல்லை. கார்டிசால் ஏறவேண்டிய அளவு ஏறவில்லை. ஒன்றரை வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்களிடம் அது இயல்பாக ஏறியது. நெருக்கடியில் உடம்பு எழும்பாதது நிதானம் அல்ல. பரீட்சை, சண்டை, ஓட்டம், பேச்சு எதற்கும் ஓரளவு எழும்பல் தேவை. தொட்டில் அறையின் அமைதியையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். அழுகை ஒரு செலவு. பலன் இல்லாத செலவைச் சிசுவின் உடம்பு நிறுத்திக்கொள்கிறது. அங்கே போய் ‘எவ்வளவு சமர்த்துப் பிள்ளைகள்’ என்று யாராவது வியந்திருந்தால் அதைவிடத் தவறான கணிப்பு இருக்க முடியாது.

அப்படியானால் அடிபட்டு வளர்ந்த பிள்ளைகள்? அவர்கள் கதை வேறு. கேட்டி மக்லாஃப்லின், மார்கரெட் ஷெரிடன் போன்ற ஆய்வாளர்கள் சிறுவயதுத் துன்பத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள்: வரக்கூடாதது வருவது ஒன்று, வரவேண்டியது வராமல் போவது இன்னொன்று. முன்னது அச்சுறுத்தல், பின்னது இழப்பு. இந்தப் பிரிவு எவ்வளவு பொருத்தம் என்பதை சேத் போலக் என்ற உளவியலாளரின் சோதனைகளில் காணலாம். மங்கலாகத் தொடங்கி மெல்ல மெல்லத் தெளிவாகும் முகப்படங்களைக் காட்டி, என்ன உணர்ச்சி என்று கேட்டார். வீட்டில் அடிபட்ட குழந்தைகள், மற்றவர்களுக்கு இன்னும் எதுவும் புலப்படாத கட்டத்திலேயே கோபத்தைக் கண்டுபிடித்தார்கள். மகிழ்ச்சியைக் கண்டுகொள்வதில் அவர்களுக்கு அந்த வேகம் இல்லை. பராமரிப்பில்லாமல் விடப்பட்ட குழந்தைகளோ, ஓர் உணர்ச்சியை இன்னொன்றிலிருந்து பிரித்தறியவே திணறினார்கள். அப்பாவின் முகம் எப்போது மாறும் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கோபத்தைப் படிப்பதில் தேர்ச்சி வருகிறது. படிக்க முகமே இல்லாத பிள்ளைக்கு எழுத்தே தெரியவில்லை.

அடிபட்ட பிள்ளையின் இந்தத் தேர்ச்சியைக் கோளாறு என்று மட்டும் சொல்வது சரியில்லை. அந்த வீட்டில் அது உயிர்காக்கும் திறமை. பள்ளிக்கு வந்து, தெரியாமல் இடித்துவிட்டுப் போன வகுப்புத் தோழன் முகத்திலும் கோபத்தைப் பார்த்துக் கையை ஓங்கும்போதுதான் அது ஆபத்தாகிறது. ஆசிரியர் காண்பது ‘முரட்டுப் பிள்ளை’யை மட்டும்.

இதைப் பேசும்போது, சிறுவயதுத் துன்பங்களைக் கூட்டி மதிப்பெண் போடும் கேள்வித்தாளைப் பற்றியும் சொல்லவேண்டும். 1998-இல் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா இருவரும் கலிஃபோர்னியாவில் ஆயிரக்கணக்கான பெரியவர்களிடம் கேட்டு, துன்பங்களின் எண்ணிக்கை கூடக்கூட பிற்காலத்தில் இதயநோய், மனச்சோர்வு, குடிப்பழக்கம் எல்லாம் கூடுவதைக் காட்டினார்கள். பெரிய கண்டுபிடிப்புதான். ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய உண்மை. உங்கள் மதிப்பெண் நான்கு என்றால் உங்களுக்கு என்ன ஆகும் என்று அது சொல்லாது. தனி ஆளைக் கணிக்க அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2020-இல் ஆண்டாவே எழுதவேண்டி வந்தது. இணையத்தில் இன்றும் பலர் அதைத் தாமே போட்டுப் பார்த்துவிட்டுக் கலங்குகிறார்கள்.

துன்பம் விதியல்ல என்பதற்கும் ருமேனியப் பிள்ளைகளே சாட்சி. மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவர் தொடங்கிய பிரிட்டிஷ் ஆய்வு, ருமேனியாவிலிருந்து பிரிட்டிஷ் குடும்பங்களுக்குத் தத்துவந்த 165 பேரைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்தது. ஆறு மாதத்துக்குக் குறைவாகக் காப்பகத்தில் இருந்தவர்கள் மற்றவர்களைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் இருந்தவர்களில் பலருக்குச் சிக்கல்கள் நீடித்தன. ஆனால் அவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு எந்தக் காலகட்டத்திலும் ஒரு குறையும் தெரியவில்லை. நீண்ட நாள் இருந்தவர்களில் சிலரிடம் இன்னொரு விசித்திரமும் இருந்தது. யாரென்று தெரியாதவரிடமும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வார்கள், கையைப் பிடித்துக்கொண்டு கூடவே கிளம்பிவிடுவார்கள். வெளியார் கண்ணுக்கு இது அன்பாகத் தெரியும். தன் ஆள், வேற்றாள் என்று பிரிக்கக் கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைக்காததன் அடையாளம் அது.

2005 முதல் நடப்புக்கு வந்த ருமேனியச் சட்டம், கடும் ஊனமுள்ளவர்களைத் தவிர, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காப்பகத்தில் வைப்பதைத் தடுத்தது. நம் நாட்டின் 2015 சிறார் நீதிச் சட்டமும் காப்பகம் கடைசி வழியாகவே இருக்கவேண்டும் என்கிறது. வளர்ப்புக் குடும்பத்துக்கும் அதில் இடமிருக்கிறது. தமிழ்நாட்டில் 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில் கைவிடப்பட்ட சிசுக்களை அரசு ஏற்றுத் தத்துக்குக் கொடுக்கிறது. அந்தச் சிசு ஒரு வீட்டுக்குப் போய்ச் சேரும் வரை கோப்பு மேசைகளில் கழியும் மாதங்கள் அதன் பதப்பருவத்திலிருந்து கழிகின்றன என்பதை அதிகாரிகள் நினைவில் வைக்கவேண்டும்.

பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் குழந்தைகள் இல்லங்களில் சாப்பாடு போடும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. நல்ல பழக்கம். அடுத்த முறை போகும்போது, கைக்குழந்தைகள் இருக்கும் இல்லம் என்றால், நிர்வாகியிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: ஓர் ஆயாவுக்கு எத்தனை குழந்தைகள்? அதே ஆயா அதே குழந்தையோடு எத்தனை மாதம் இருக்கிறார்? இன்னொரு ஆயாவுக்குச் சம்பளம் கொடுக்க முடியுமானால், இனிப்புக்கும் பலூனுக்கும் செலவழிக்கும் பணத்தை அதற்குக் கொடுங்கள்.